யாரும் கேட்காத வண்டி

“கதவ மாத்தித் தரேன்னா வேணாங்கிற. பெயின்ட் அடிச்சுத் தரேன்னா அதுவும் வேணாங்கிற. நீ வண்டி வாங்க வந்தியா, என்கிட்ட வம்பு வளக்க வந்தியா?”

“கதவு நல்லாத்தானே இருக்கு.”

“நீல வண்டியில செங்கல் நெறத்துல ஒரு கதவு. அது நல்லா இருக்கா? ராத்திரி குடிச்ச காவா மயக்கம் இன்னும் தெளியலையா உனக்கு?”

லொபெட்டி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. தகரக் கொட்டகையின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்த விகா, அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பழைய கார்களைத் தீவின் தலைநகரான நுகுஅலோஃபாவில் விற்கிறவர்களில் அவள் கொஞ்சம் நியாயமானவள் என்று பெயர். அவளிடம் வருகிறவர்கள் டயரை உதைப்பார்கள், கீறலைத் தடவித் தடவிக் காட்டி விலையைக் குறைப்பார்கள். கீறலைத் தொடாதே, அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சுகிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

நீல வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு தடித்த கால்கள் வெளியே நீண்டிருந்தன. அவை கெஃபுவின் கால்கள். லொபெட்டியோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாக அடி வாங்கி, பிறகு ஆக்லாந்து போய்ப் பல வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவன் அவன்.

“அவனுக்குக் கண்ணெல்லாம் நல்லாத் தெரியும் விகாக்கா,” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “தீவுலயே அசிங்கமான வண்டி எதுன்னு தேடித்தான் வந்திருக்கான்.”

“அப்படின்னா உன்னையே ஓட்டிட்டுப் போகச் சொல்லு.”

“என்னை ஓட்ட முடியாதுக்கா. பேட்டரி செத்துப் பல நாளாச்சு.”

விகா நாற்காலி குலுங்கச் சிரித்தாள். கெஃபு வெளியே ஊர்ந்து வந்து எழுந்தான். முதுகெல்லாம் வெள்ளைப் பவளத் தூசி.

பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றது. இதே ரகம், இதே வயது, இதே அளவு. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரும் குடும்ப வண்டி. ஆனால் வெள்ளை. முத்துச் சிப்பியின் உள்பக்கம் போல ஒரு வெள்ளை. வெயில் அதன் மேல் வழுக்கிப் போனது. அது வெறும் பெட்ரோலில் ஓடுவது. நீல வண்டி ஹைபிரிட்; பாதி நேரம் பெட்ரோலில் ஓடும், பாதி நேரம் பின் சீட்டுக்குக் கீழே இருக்கும் பெரிய பேட்டரியில் ஓடும். அதன் பானெட்டில் பெயின்ட் வெந்த தோல் மாதிரி உரிந்திருந்தது. இடது பின்கதவு வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது. உள்ளே தலையை விட்டால் நாய் வாடை.

“அடியில துரு இல்ல,” என்றான் கெஃபு. “பனிக்கு ரோட்டுல உப்பு கொட்டுற ஊர் வண்டின்னா இந்நேரம் சல்லடையா இருந்திருக்கும். இது ஜப்பான்ல தெக்கத்தி வண்டி. பொழச்சுது.”

அவன் பின்கதவைத் திறந்து சீட்டின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன வலைத்தட்டைப் பிடுங்கினான். உள்ளே இரண்டு விரலை விட்டு இழுத்தான். சாம்பல் நிற நாய் முடி, பூனைக்குட்டி அளவுக்குச் சுருண்டு வந்தது.

“பாத்தியா? பேட்டரி மூச்சு விடுற வழி இது. வளத்தவன் நாய மட்டும் நல்லா வளத்திருக்கான்.”

“அப்ப பேட்டரி கெட்டுப் போயிருக்குமா?”

“கெட்டிருக்கலாம். மூச்சு முட்டுனாலும் சில உசுரு தாங்கும். ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

கெஃபு உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினான். ஒரு பெண் குரல் ஜப்பானியத்தில் மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னது. திரையில் ஒரு வரைபடம் விரிந்தது. வண்டி இன்னும் ஜப்பானில் ஏதோ ஒரு நகரத்தின் தெரு முனையில்தான் நின்றுகொண்டிருப்பதாக அது நம்பியது. சுற்றிலும் நெருக்கமான தெருக்கள், ஒரு ஆறு, ஆற்றின் மேல் பாலங்கள். லொபெட்டி அந்தப் பாலங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காத்திருந்தான். எந்தச் சத்தமும் வரவில்லை.

“கிளப்பு,” என்றான்.

“கிளம்பிருச்சு.”

“சத்தமே இல்ல.”

“ஹைபிரிட் அப்படித்தான். கத்தாது. இங்க பாரு, இந்தப் பச்ச விளக்கு எரிஞ்சா உசுரோட இருக்குன்னு அர்த்தம்.”

லொபெட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தான் சொன்னது என்ன என்று கெஃபுவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஏசியைப் போட்டான், அணைத்தான், மறுபடியும் போட்டான்.

போன வருடம் லொபெட்டியிடம் ஒரு வேன் இருந்தது. நியூசிலாந்துத் தோட்டங்களில் இரண்டு பருவம் ஆப்பிள் பறித்து வாங்கிய வேன். மனைவி லெசியெலிக்கு மாதம் நிறைந்திருந்த நேரம், அவனுடைய அக்கா ஃபூசியின் மகன் மைகொலோ வந்து வாசலில் நின்றான். “மாமா, வேனைக் குடுங்க. பேண்டு கோஷ்டிய மேற்கே கூட்டிட்டுப் போகணும்.” அவனுக்குப் பின்னால் வேலிப் படலைப் பிடித்தபடி ஃபூசி நின்றிருந்தாள்.

அக்கா மகன் கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்வதில்லை. பன்றியோ பாயோ வேனோ, கேட்டது போய்விடும். அதில் யாருக்கும் வருத்தம் இருந்தாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனாலும் வேறு நேரமாக இருந்தால், வீட்டில் இப்படி ஒரு நிலைமை, இரண்டு நாள் பொறு என்று மைகொலோவின் காதில் சொல்லியிருக்கலாம். அக்கா காது கேட்கும் தூரத்தில் நிற்கிறாள். மனைவியின் வயிற்றைப் பற்றி அக்கா முன்னால் ஒரு தம்பி எப்படிப் பேசுவான்? டிவியில் இரண்டு பேர் முத்தம் கொடுத்துக்கொண்டால் அக்கா தம்பியில் ஒருவர் எழுந்து வெளியே போய்விடுகிற வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள். லொபெட்டி சாவியைக் கொடுத்தான்.

மறுநாள் காலையிலேயே வலி வந்துவிட்டது. அவன் வண்டி கேட்டு ஊருக்குள் ஓடினான். தேங்காய் ஏற்றப் போயிருந்த ஒரு பிக்கப் திரும்பி வரும்வரை எல்லாரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஊரான கொலொங்காவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், உப்பங்கழி வளைவில், தேங்காய் நார் ஒட்டிய அந்த பிக்கப்பின் பலகை மேலேயே குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை. லெசியெலி, “ஏன் சத்தமே இல்ல, ஏன் சத்தமே இல்ல” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இழவு வீட்டில் குழந்தையின் தலைமாட்டில் ஃபூசி உட்கார்ந்தாள். அது அத்தையின் இடம். மரியாதைக்குக் கொடுக்கும் நல்ல பாய்களையெல்லாம் அவள் முன்னால்தான் கொண்டுவந்து விரித்தார்கள். குழந்தைக்கு அவள்தான் பேர் வைத்தாள். அவள் அழுத அழுகையில் பொய் இல்லை என்று லொபெட்டிக்குத் தெரியும். பெற்றவள், துக்கத்துக்கு உடம்பை மூடும் பெரிய கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். வேனைப் பற்றி அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. மறுபடியும் உண்டாகி வயிறு தெரிய ஆரம்பித்த பின், ஒரு சாயங்காலம் கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமல் இவ்வளவுதான் சொன்னாள்:

“இந்தத் தடவை அசிங்கமா ஒண்ணு வாங்கு.”

அதற்குமேல் அவளும் விளக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

“சரி, ஓட்டிப் பாப்போம்,” என்றான் கெஃபு. “ஆனா பேட்டரிய சோதிக்கணும்னா மேடு ஏத்திப் பாக்கணும். இந்தத் தீவுல மேட்டுக்கு எங்க போறது? தட்டு மாதிரி கெடக்கு.”

“சர்ச் வாசப்படி இருக்கு,” என்றாள் விகா.

“அதுல ஏத்துனா பாதிரியார் என்னை ஏத்திருவாரு. அக்கா, நீங்க ஏறுங்க. தங்கச்சிங்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. பின் சீட்ட நெறைச்சா அதுவே மலைதான்.”

“வாயக் கழுவு! எங்க எடைய வச்சா நீ வண்டி பாப்ப?”

“ஜப்பான்காரன் பின்னாடி மூணு ஜப்பான்காரன ஒக்கார வச்சுத்தான் பாத்திருப்பான். நம்ம ஊர்க் கணக்கு வேற இல்லையா?”

திட்டிக்கொண்டே மூன்று சகோதரிகளும் ஏறினார்கள். வண்டி பெருமூச்சு விடுவதுபோலத் தாழ்ந்தது. லொபெட்டி முன்னால், கெஃபுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கடற்கரைச் சாலையில், அரண்மனைப் பக்கம் போய்த் துறைமுகம் வரை ஓட்டினார்கள். மெதுவாகப் போகும்போது டயருக்கடியில் சரளை நொறுங்குவது மட்டும் கேட்டது. ஒரு பன்றி குட்டிகளோடு சாலையைக் கடந்தது, வண்டி வருவதே அதற்குத் தெரியவில்லை. வேகம் எடுத்ததும் இன்ஜின் தானாக முழித்துக்கொண்டு உறுமியது. பின் சீட்டில் யாரோ ஒருத்தியின் புருஷனைப் பற்றிப் பேச்சு நடந்தது. அவனையும் இப்படி ஒரு பொத்தானை அழுத்தித்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது என்றாள் கடைசித் தங்கை. மற்ற இருவரும் அவளை அடித்தார்கள்.

கெஃபு சிரிக்கவில்லை. திரையின் மூலையில் பேட்டரியைக் காட்டும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேட்டரி செத்துக்கொண்டிருந்தால் அந்தக் கோடுகள் ஒரு நிமிடம் நிறைந்து அடுத்த நிமிடம் வடிந்துவிடும், ஜுரக்காரன் மூச்சு மாதிரி. இவை வடியவில்லை. நிதானமாக இறங்கின, பிரேக் பிடித்தபோது நிதானமாக ஏறின.

விகாவும் தங்கைகளும் இறங்கிப் போன பிறகு, கெஃபு லொபெட்டியை வெள்ளை வண்டிக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

“டேய், கேளு. ஒளிக்காமச் சொல்றேன். நீல வண்டி நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு நல்லா இருக்கு. ஆனா நாளைக்கு நடு ரோட்டுல அந்தப் பேட்டரி நின்னா, என் ஸ்பேனருக்கு அங்க வேலையே இல்ல. சாமான் கப்பல்ல வரணும். இந்த வெள்ளைய எடு. இது எங்க நின்னாலும் நான் வந்து நாலு தட்டு தட்டிக் கிளப்பிருவேன். பெட்ரோல்தான் கொஞ்சம் அதிகமாக் குடிக்கும். குடிக்கட்டுமே.”

லொபெட்டி வெள்ளை வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். சூடாக, வழுவழுப்பாக இருந்தது. இதில் லெசியெலியை உட்கார வைத்து ஓட்டிப் போவதை அவன் நினைத்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் இது நிற்பதையும் நினைத்துப் பார்த்தான். வெள்ளை உடையில் பாட்டுக் குழு, வெள்ளை வண்டி, சுற்றி நின்று பார்க்கும் சனங்கள். அடுத்து ஒரு கல்யாணம் வரும். பெண்ணைக் கூட்டி வர வண்டி வேண்டும் என்பார்கள்.

“எத்தனை ஞாயித்துக்கிழமை இது என் வீட்டு வாசல்ல நிக்கும், சொல்லு.”

கெஃபு கையில் இருந்த தூசியைத் தட்டினான்.

“மைகொலோதான் ஆஸ்திரேலியா போயிட்டானேடா.”

“அக்கா இருக்கா. அக்காவோட கொழுந்தன் பசங்க இருக்காங்க. அவங்களுக்காக அக்கா கேட்டா நான் என்ன சொல்ல? நீ உங்க அக்காவுக்கு என்ன சொல்லுவ?”

“எங்க அக்கா கேட்டு என் கேஸ் அடுப்பே போச்சு,” என்றான் கெஃபு. “அப்ப நீ வண்டியப் பாக்கல. உங்க அக்காவப் பாத்துத்தான் வண்டி வாங்குற.”

“ஆமா.”

“பேட்டரி நின்னா?”

ஒரு பக்கம் பேட்டரி, ஒரு பக்கம் அக்கா. பேட்டரி நிற்காமலும் போகலாம் என்றுதான் அவன் நினைத்தான். அந்த நினைப்பைக் கெஃபுவிடம் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நீல வண்டியை எடுத்தான். கழுவ வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் விகா கண்ணாடியை மட்டும் துடைத்துக் கொடுத்தாள். “இப்படியே அனுப்புனா என் மானம் போகும்,” என்றாள்.

வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்ததும் லெசியெலி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அவன் பதறி இறங்கினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நெசமாவே அசிங்கமா இருக்கு,” என்றாள். “இது எந்த நாய் தின்னுட்டு மிச்சம் வச்சது?”

“நாய் உள்ளதான் இருந்திருக்கு. மோந்து பாரு.”

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். பானெட்டில் உரிந்த பெயின்ட்டை நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்துவிட்டாள். பிறகு செங்கல் நிறக் கதவைத் திறந்து, பின் சீட்டில் கையை ஊன்றி, மெல்ல உள்ளே போனாள். ஒருக்களித்துப் படுத்தாள். முழங்காலை மடக்கினாள், நீட்டினாள், மறுபக்கம் திரும்பினாள். தலையை எந்தப் பக்கம் வைத்தால் தோதாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள். இதற்காகவே அளந்து செய்ததுபோல அந்த சீட் அவளை வாங்கிக்கொண்டது. சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

“கிளப்பு,” என்றாள்.

அவன் பொத்தானை அழுத்தினான். ஜப்பான்காரி தன் மரியாதையான வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு ஒன்றும் இல்லை.

“லொபெட்டி.”

“ஓடுது.”

“சத்தம் வரல.”

“சத்தம் வராது. பச்ச விளக்கு எரியுது.”

“எனக்குப் படுத்தா தெரியல.” அவள் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் எட்டி, அந்த விளக்கைத் தன் கண்ணால் பார்த்தாள். “அன்னைக்கு நான் கண்ண மூடிக்கிட்டா, எரியுது எரியுதுன்னு நீ சொல்லிக்கிட்டே வரணும். வாய மூடிக்கிட்டு ஓட்டக் கூடாது.”

“சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவர்கள் நினைத்ததுபோலவே நடந்தது. செங்கல் சிறகு முளைத்த நீலக் கோழி என்று யாரோ பேர் வைத்தார்கள். பூசை முடிவதற்குள் அந்தப் பேர் கடைசி பெஞ்சு வரை போய்விட்டது. சர்ச்சுக்கென்று இடுப்பில் சுற்றும் நல்ல பாயைக் கட்டிக்கொண்டு இப்படி ஒரு வண்டியிலிருந்து இறங்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று டீக்கன் கேட்டார். லொபெட்டி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிச் சிரித்தான். அவமானம் இவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. ஃபூசி படிக்கட்டில் நின்று வண்டியை ஒரு முறை பார்த்தாள். பிறகு நடந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவன் தினமும் விடிந்ததும் முதல் வேலையாக வண்டியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பார்த்தான். பச்சை விளக்கு எரியும். அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவான். சில நாட்களில் பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பி வந்து மறுபடியும் அழுத்துவான். ஒரு காலையில் அது எரிய ஒரு கணம் தாமதித்ததாக அவனுக்குத் தோன்றியது. கெஃபுவைக் கூப்பிட்டான். கெஃபு வந்து பார்த்து, வண்டிக்கு ஒன்றுமில்லை, உனக்குத்தான் மருந்து வேண்டும் என்றான். வலைத்தட்டைக் கழற்றி ஊதிவிட்டுப் போனான். யாரும் வண்டி கேட்டு வரவில்லை. லெசியெலியின் வயிறு இறங்கிவிட்டது. குழந்தையைப் புதைத்த சின்ன மணல் மேட்டில் போர்த்திய வண்ணத் துணியை அவள் துவைத்து வெயிலில் போட்டு, மறுபடியும் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், ஞாயிற்றுக்கிழமை மண் அடுப்புச் சமையலுக்காக லொபெட்டி வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது ஃபூசி வந்தாள். கையில் வாழையிலையில் கட்டிய பொட்டலம். சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வைத்துச் சுட்டது, ஆவி இன்னும் அடங்கவில்லை. அவன் கத்தியை வைத்துவிட்டு எழுந்தான். அவள் உட்கார்ந்த பிறகுதான் உட்கார வேண்டும். அவள் உட்காரவில்லை. பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி நடந்தாள்.

“லெசியெலி எங்க?”

“பின்னாடி துணி காயப் போடுறாக்கா.”

“இதுதானா அது.”

“ஆமாக்கா.”

“பெட்ரோல் அதிகம் குடிக்காதாமே.”

“குடிக்கும்க்கா. சொல்றதுதான் அப்படி. இடது பக்கம் வேற இழுக்குது. உள்ள ஒரே நாய் வாடை. உக்காந்தா துணியெல்லாம் வாடை ஏறிக்கும்.”

“அப்படியா.”

“நாளைக்கே நின்னாலும் நிக்கும். நின்னா சாமான் இங்க கெடைக்காது.”

அவள் செங்கல் நிறக் கதவில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“விகா என்னைக் கடைத்தெருவுல பாத்தா. ஒரு கிறுக்கன் வந்தான், கதவ மாத்தாதன்னு கெஞ்சுனான், கொலொங்கா ஆளுதான், யாருன்னு தெரியுதான்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சேந்து சிரிச்சேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. “வீட்டுக்கு வந்துதான் யோசிச்சேன். ஒருத்தன் எதுக்கு இருக்கறதுலயே அசிங்கமானதத் தேடி வாங்குவான்னு.”

லொபெட்டியால் தலையைத் தூக்க முடியவில்லை. சீவிய கிழங்கு காற்றில் கறுத்துக்கொண்டிருந்தது. அதைத் தண்ணீரில் போட வேண்டும் என்று நினைத்தான்.

“பயப்படாத. வண்டி எனக்கு வேணாம்.”

அடக்கி வைத்திருந்த மூச்சு அவனையும் மீறிச் சத்தமாக வெளியே வந்தது. அவளுக்கும் அது கேட்டிருக்கும். வீட்டு மூலையில் லெசியெலி ஈரத் துணியோடு வந்து நின்றாள். ஃபூசி அவளைப் பார்த்தாள், பிறகு பார்வையை வண்டியின் ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள்.

“அந்த வேன் எங்க வீட்டுக்குப் பின்னாடி இஞ்சின் செத்துப்போய் நிக்குது. கோழி அதுக்குள்ள போய் முட்டை போடுது. தெனமும் நான்தான் போய்க் கதவத் தெறந்து எடுக்குறேன். தெறக்கும்போதெல்லாம்…” அவள் நிறுத்தினாள். “யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீயும் சொல்லல, இவளும் சொல்லல. ஊர்ல ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் நல்ல பாயாக் கொண்டாந்து என் முன்னால போட்டீங்க. நானும் வாங்கி வச்சுக்கிட்டேன். என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“அக்கா…”

“இரு. மைகொலோ இனி வர மாட்டான். அங்க ஒருத்திகூட இருக்கானாம், ஃபோன்ல சொல்லிட்டான். ராத்திரி பகல்னு இல்லாம ரேடியோவ ஓட விட்டுட்டு உக்காந்திருக்கேன். அணைச்சா வீடு தாங்கல.”

அவள் கதவின் மேல் இருந்த கையை எடுத்து இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டாள், சர்ச்சில் எழுந்து பேசப் போகிறவள் மாதிரி. அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

“இதெல்லாம் அக்கா தம்பிகிட்ட வாய்விட்டுப் பேசுற விஷயம் இல்ல. எனக்குத் தெரியும். அதான் உன் மூஞ்சியப் பாக்காமச் சொல்றேன். போனவளுக்குப் பேர் வச்சேன், அவ தலமாட்டுல உக்காந்தேன், என்னால அவளுக்கு ஆனது அவ்வளவுதான். உங்களுக்கு வயசு இருக்கு, இன்னும் பொறக்கும். எனக்கு எதுவும் இல்ல. வரப்போறத எனக்குக் குடு, லொபெட்டி. ஆணோ பொண்ணோ, எதுவானாலும் சரி. நான் வளத்துக்குறேன். ஆஸ்பத்திரியிலருந்து வரும்போது இந்த வண்டியிலயே நேரா எங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துடுப்பா.”